நிற்கத் தெரிந்த கால்கள்

மத்தியான வேலை முடிந்து இரவு வேலை தொடங்குமுன் கிடைக்கும் மூன்று மணித்தியாலங்களில்தான் எங்கள் பிள்ளையை நாம் காண்கிறோம். றெஸ்ரோறன்ற் குசினியில் சட்டிகள் மோதிய சத்தம் அப்போதும் காதைவிட்டுப் போயிராது. அந்த நேரம் பார்த்து ஐந்து வயது மகள் சப்பாத்தைக் கழற்றமாட்டேன் என்று நிலத்தில் புரண்டு அழுவாள். நாம் கத்துவோம். அவள் இன்னும் பெரிதாகக் கத்துவாள். அழுகிற பிள்ளைக்கு அதட்டலைத் தவிர வேறு மருந்து எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒருநாள் அப்படி அழுதுகொண்டிருந்தவள் விக்கலோடு எழுந்து நின்று சொன்னாள்: "அப்பா, கை தட்டுங்கோ. நான் நடக்கிறன். நீங்கள் நிப்பாட்டினா நானும் நிப்பன்."

தட்டினோம். நடந்தாள். நிறுத்தினோம். ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். வேகமாகத் தட்டினோம், மெதுவாகத் தட்டினோம். ஐந்து நிமிடத்தில் அவளுடைய விக்கல் போய்விட்டது. எமது கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் 'ரித்மீக்' பாடத்தில் என்றாள். ஜெனீவாவின் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் அப்படியொரு பாடம் இருக்கிறது. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்களுக்கு எதையும் அடிமுதல் தேடிப் பார்க்கும் ஒரு வியாதி உண்டு. தேடினோம்.

இந்தப் பாடத்தின் மூலவர் எமில் ஜாக்-தல்குறோஸ். 1865 இல் வியன்னாவில் பிறந்த சுவிஸ்காரர். இளவயதில் அல்ஜியர்ஸ் நகரில் ஓர் அரங்கின் வாத்தியக் குழுவை நடத்தியபோது அரபு இசையின் தாளங்கள் அவரை உலுக்கின. 1892 இல் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவர் கண்டது ஒரு புதிர். மாணவர்களின் விரல்கள் கடினமான உருப்படிகளை வாசித்தன, ஆனால் தாளம் தடுமாறியது. அதே மாணவர்கள் தெருவில் நடக்கும்போது நடை சீராக இருந்தது. தாளம் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது, பாடம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவருடைய முறை வெளிப்பார்வைக்கு விளையாட்டுப் போன்றது. ஆசிரியர் பியானோவில் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பார், பிள்ளைகள் அதற்கு நடப்பார்கள். "ஹொப்" என்றதும் நிற்கவேண்டும், அல்லது திசையோ வேகமோ மாறவேண்டும். எமக்கு முக்கியமாகப் பட்டது இந்த நிற்றல்தான். ஓடுவதற்குப் பிள்ளைக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஓடுகிற உடம்பைத் தானே நிறுத்துவதுதான் கடினம். காலை நிறுத்திப் பழகும் பிள்ளை கோபத்தையும் நிறுத்திப் பழகுகிறது. இன்னொன்று: நல்ல ஆசிரியர் முதலில் பிள்ளையின் நடையைப் பார்க்கிறார், அந்த நடைக்கு வாசிக்கிறார், பிறகுதான் மெல்ல மாற்றுகிறார். முதலில் பின்தொடர்பவர் ஆசிரியரே.

தளபாடத் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றி 1909 இல் எழுந்த குடியிருப்பு ஹெலராவ். யேர்மனியின் ட்றெஸ்டென் நகருக்கு அருகே உள்ளது. அங்கே வோல்ப் டோர்ன் என்பவரின் முயற்சியால் தல்குறோஸுக்கென்று 1911 இல் ஒரு பெரிய மண்டபம் கட்டத் தொடங்கினர். கட்டடக் கலைஞர் ஹைன்றிச் ரெசனோ. 1912 இலும் 1913 இலும் நடந்த விழாக்களைக் காண ஐரோப்பாவின் எழுத்தாளரும் கலைஞரும் வந்தனர். பேர்னாட் ஷாவும் அவர்களில் ஒருவர்.

அது நீடிக்கவில்லை. 1914 இன் தொடக்கத்தில் டோர்ன் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். அதே ஆண்டு உலகப்போர் வெடித்தது. யேர்மனியப் பீரங்கிகள் பிரான்சின் றைம்ஸ் தேவாலயத்தைத் தாக்கியதைக் கண்டித்த அறிக்கையில் தல்குறோஸ் கையெழுத்திட்டார். அதன்பின் யேர்மனியில் அவருக்கு இடமில்லை. 1915 இல் ஜெனீவாவில் தன் பெயரிலேயே கல்லூரியைத் தொடங்கினார். 1950 இல் இங்கேதான் இறந்தார்.

ஹெலராவ் மண்டபத்துக்கு நேர்ந்தது வேறு. நாஜிகள் அந்த வளாகத்தைப் பொலிஸ் பயிற்சிக்கான இடமாக்கினார்கள். 1945 இற்குப் பின் சோவியத் இராணுவம் குடியிருந்தது. 1992 இல்தான் அவர்கள் வெளியேறினார்கள். வெறுங்காலோடு பிள்ளைகள் தாளத்துக்கு நடந்த வளாகத்தில் ஐம்பது வருடங்களுக்கு மேலாகச் சப்பாத்துக் கால்கள் நடந்தன. இன்று அது திருத்தப்பட்டு மீண்டும் கலை மையமாக இருக்கிறது.

இந்த இடத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். அணிநடையும் தாளம்தான். அதுவும் உணர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது, பயத்தை மறக்கச் செய்கிறது, பல உடம்புகளை ஓருடம்பாக்குகிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்காகப் பள்ளி மைதானத்து வெயிலில் இடம் வலம் என்று கால் பதித்தவர்கள் நாம். அதற்குப் பிறகு எமது மண்ணில் எத்தனையோ சிறுவர்கள் வேறு தாளங்களுக்குக் கால் பதித்தார்கள். அங்கே தட்டுகிறவன் பிள்ளையின் நடையைப் பார்ப்பதில்லை. நிற்க விரும்பும் பிள்ளைக்கு நிற்க அனுமதியும் இல்லை. ஒரு தாளம் பிள்ளையைத் தனக்குத்தானே எசமானாக்குகிறது, மற்றது இன்னொருவருக்குச் சேவகனாக்குகிறது. இரண்டையும் 'ஒழுக்கம்' என்ற ஒரே சொல்லால் அழைத்தே நாம் பழகிவிட்டோம்.

எமது தமிழ் இந்த வேறுபாட்டை அறியாததல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மீது பாடிய காலந்தொட்டு, பிள்ளைத்தமிழின் பருவங்கள் பிள்ளையின் உடம்பைப் பின்தொடர்ந்தே செல்கின்றன. தலை நிமிர்த்தி ஆடும்போது செங்கீரை, நாவசைவுக்குத் தால், கை கொட்டும்போது சப்பாணி, பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை. பிள்ளை எந்த வயதில் எதைச் செய்ய வல்லதோ அதற்கே பாட்டு. தல்குறோஸ் பியானோவில் செய்ததைப் புலவர்கள் சொல்லில் செய்தார்கள் என்றால் மிகையாகாது. அவர்களுக்கு முன்பே தாய்மார் மடியில் செய்தார்கள்.

2015 இல் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத துருக்கி மொழிப் பாடலைக் கேட்கச் செய்தார்கள். கொஞ்சிப் பேசும் பேச்சைக் கேட்டபோது இருந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் குழந்தைகள் அழாமல் இருந்தன. பிள்ளைக்குத் தமிழ் விளங்காது என்று சொல்லி ஆராட்டைக் கைவிட்ட எம்மவர் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும்.

இப்போது இரவு வேலைக்குப் போகுமுன் நாம் கை தட்டுகிறோம். சில நாள் அவள் நடப்பதில்லை, அழுதே முடிக்கிறாள். அதுவும் சரிதான். ஆனால் சென்ற கிழமை நாம் ஏதோ கோபத்தில் கத்தத் தொடங்கியபோது, அவள் எமக்கு முன்னால் வந்து நின்று தன் சின்னக் கைகளைத் தட்டினாள். மெதுவாக. பிறகு நிறுத்திவிட்டு எமது முகத்தைப் பார்த்தாள்.

நாமும் நிறுத்தினோம்.