பசோத்தோ மக்களின் போர்வை

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில், நாற்புறமும் தென்னாப்பிரிக்கக் குடியரசால் சூழப்பெற்ற சிறிய மலைநாடு லெசோத்தோ. அந்நாட்டின் மிகத் தாழ்ந்த நிலப்பகுதியே கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மிக உயர்ந்த சிகரமான தபானா இன்ட்லென்யானா 3,482 மீட்டர் உயரமுடையது. சூன், சூலைத் திங்கள்களில் மலைகளைப் பனி மூடும். அக்குளிரில் குதிரைமேல் செல்லும் ஆடவனும், குழந்தையை முதுகில் சுமந்து நடக்கும் பெண்ணும், ஆடு மேய்க்கும் சிறுவனும் தோளில் போர்த்தியிருப்பது கனத்த கம்பளிப் போர்வையே. செசோத்தோ மொழியில் அதனைக் 'கோபோ' என்பர்.

குளிர்காப்புக்காக மட்டும் அணியப்படும் பொருளாக இருப்பின் அதனைப் பற்றி எழுத அதிகம் இராது. கோடையிலும் அது தோளை விட்டு இறங்குவதில்லை. பிறப்பிலும், பருவச் சடங்கிலும், திருமணத்திலும், சாவிலும், அரசன் முடிசூடும் அவையிலும் அது உண்டு. பசோத்தோ இனத்தின் அடையாளம் யாது என்று வினவினால், கூம்பு வடிவப் புல்தொப்பியோடு இக்கம்பளியையே உலகம் சுட்டிக்காட்டும். ஆயினும் இப்போர்வையைப் பசோத்தோ மக்கள் நெய்யவில்லை. இங்கிலாந்தின் ஆலைகள் நெய்தன. பின்னர் தென்னாப்பிரிக்க ஆலைகள் நெய்தன. பிறர் நெய்த துணி ஓர் இனத்தின் உயிரான அடையாளமாக எவ்வாறு ஆயிற்று என்பதே இதன் வரலாறு.

சேர்ந்தோர் ஆக்கிய இனம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க உள்நாட்டில் பெரும் போர்களும் பஞ்சமும் மூண்டன. குலங்கள் சிதறின, ஊர்கள் அழிந்தன. அக்கொடுங்காலத்தைப் பசோத்தோ மக்கள் 'லிஃபகானே' என்பர். அந்நாளில் சிறிய தலைவர் ஒருவர் தம்மிடம் அடைக்கலம் புகுந்தோரை எல்லாம் ஏற்று, 1824-இல் தாபா போசியு என்னும் தட்டையான உச்சியுடைய மலையில் அரண் அமைத்தார். 'இரவின் மலை' என்பது அப்பெயரின் பொருள். அத்தலைவரே முதலாம் மொஷ்வேஷ்வே. முதலையைக் குலக்குறியாகக் கொண்ட குவேனா மரபினர், சிங்கத்தைக் குலக்குறியாகக் கொண்ட தாவுங் மரபினர் எனப் பல குலத்தார் அவரைச் சூழ்ந்தனர். பசோத்தோ இனம் ஒரே குருதியில் பிறந்ததன்று. வந்து சேர்ந்தோரால் ஆகியது. வந்ததைத் தமதாக்கிக் கொள்ளும் ஆற்றல் அவ்வினத்தின் தோற்றத்திலேயே இருந்தது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் அவர்களின் மேலாடை விலங்குத் தோல். பதப்படுத்தி மென்மையாக்கிய ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பொதுமக்களுக்கு. சிறுத்தைத் தோல் தலைவர்க்கு. தோளைச் சுற்றிப் போர்த்தி ஓரிடத்தில் பொருத்தும் முறை அன்றே நிலைபெற்றிருந்தது. 1833-இல் யூஜின் கசாலி, தாமஸ் அர்பூசே, கான்ஸ்டன்ட் கோஸலின் ஆகிய மூன்று பிரெஞ்சுச் சமயப்பணியாளர்கள் மொஷ்வேஷ்வேயின் அழைப்பை ஏற்று வந்தனர். அவர்களோடு எழுத்தும் அச்சும் மட்டுமன்றி ஐரோப்பிய உடையும் நாட்டுக்குள் நுழைந்தது.

1860-இல் ஹோவெல் என்னும் வணிகர் கம்பளிப் போர்வை ஒன்றை மொஷ்வேஷ்வேக்குப் பரிசளித்தார் என்றும், அவர் தம் சிறுத்தைத் தோலை நீக்கி அதனைத் தோளில் அணிந்தார் என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரசன் அணிந்ததை மக்கள் விரும்பினர். அடுத்துவந்த சில பத்தாண்டுகளில் தோலாடை மறைந்து கம்பளி பரவியது. அரசனைப் பார்த்து மக்கள் மாறினர் என்பது மட்டுமே இதற்குக் காரணம் அன்று. வேட்டை விலங்குகள் அருகின. கிம்பர்லி வைரச் சுரங்கங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்ற இளைஞர் கையில் காசு புழங்கியது. 1896-97-இல் பரவிய மாட்டுக் கொள்ளைநோய் மந்தைகளை வாரிக்கொண்டு போனது. தோல் அரிதாயிற்று, கம்பளி எளிதாயிற்று.

ஆயின் ஒன்றைக் கருத வேண்டும். ஐரோப்பியர் அக்கம்பளியைப் படுக்கையில் விரித்துப் போர்த்தும் பொருளாகவே நெய்து வந்தனர். பசோத்தோ மக்கள் அதைச் சட்டையாகவும் வெட்டவில்லை; படுக்கையோடும் விட்டுவிடவில்லை. தோலாடையை எவ்வாறு போர்த்தினரோ அவ்வாறே போர்த்தினர். பொருள் புதிது, அணியும் முறை பழையது. தமது வடிவத்துக்குள் புதிய பொருளை வரவேற்றனர் எனலாம்.

அரசியின் போர்வை

மொஷ்வேஷ்வேயின் அரசியல் வாழ்விலும் போர்வை ஓர் உருவகமாக இடம்பெற்றது. ஆரஞ்சு சுதந்திர நாட்டின் போயர்கள் அவரது விளைநிலங்களைப் போரிட்டுப் பறித்துவந்தனர். வேறு வழியின்றி அவர் பிரித்தானிய அரசியின் பாதுகாப்பை வேண்டினார்; 1868-இல் நாடு பிரித்தானிய ஆட்சிக்குள் வந்தது. தம் நாடு அரசியின் போர்வை என்றும், தம் மக்கள் அதிலுள்ள பேன்கள் என்றும் அவர் கூறியதாக வழங்குகிறது. முதல் நோக்கில் இது தாழ்மையின் உச்சம். மறுமுறை நோக்கினால் வேறொன்று புலப்படும். போர்வையை உடையவர் பேனை எளிதில் உதற முடியாது. பேன் தன் இடத்தை விட்டு அகலாது. அடைக்கலம் கேட்கும் சொல்லிலேயே அகலமாட்டோம் என்னும் உறுதியையும் வைத்தவர் அவர். 1870-இல் அவர் மறைந்து தாபா போசியுவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மேற்கிலிருந்த வளமான நிலம் மீளவில்லை. ஆயினும் 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது அந்நாடு அதனுள் அடங்காமல் தனித்து நின்றது. பின்னாளில் நிறவெறி அரசின் நேரடிப் பிடியிலிருந்தும் தப்பியது. 1966 அக்டோபர் 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. இப்பின்னணியை அறியாதவர்க்குப் போர்வையில் நெய்த மணிமுடி அடிமைச் சின்னமாக மட்டுமே தோன்றும். பசோத்தோ மக்களுக்கு அது, தம் நாட்டை அண்டை நாட்டார் விழுங்க இயலாமற் செய்த ஓர் உடன்பாட்டின் நினைவும் ஆகும்.

வணிகரும் ஆலையும்

1870-களின் பிற்பகுதியில் ஃபிரேசர் உடன்பிறந்தார் இந்நாட்டில் கடை திறந்தனர். காலப்போக்கில் மலையூர்கள் பலவற்றிலும் அவர்களின் கடைகள் தோன்றின. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்திலுள்ள டியூஸ்பரி நகரின் வோர்மால்ட்ஸ் அண்ட் வாக்கர் ஆலை, இச்சந்தைக்கெனவே போர்வைகள் நெய்தது. லெரிபே என்னும் ஊரில் கடை வைத்திருந்த ராபர்ட்சன் என்னும் வணிகர் உருவாக்கிய 'செயானமரேனா' வகை எல்லாவற்றிலும் உயர்ந்ததாக இன்றும் மதிக்கப்படுகிறது. 'தலைவர்கள் மேல் ஆணையிடுதல்' என்பது அப்பெயரின் பொருள். 1950-களில் ராண்ட்ஃபோன்டெயின் நகரில் இத்தாலியக் குடும்பம் ஒன்று நிறுவிய அராண்டா ஆலை பின்னர் இம்மரபு வடிவங்களை நெய்யும் உரிமையைப் பெற்றது.

வணிகர் கொணர்ந்த அனைத்தையும் பசோத்தோ மக்கள் வாங்கிவிடவில்லை. கனம் குறைந்ததையும் நிறம் பிடிக்காததையும் விலக்கினர். வடிவத்தை வரைந்தவர் வெளிநாட்டினர். எது நிலைக்கும், எது மறையும் என்று தீர்த்தவர் அணிந்தவர்.

பழுது மங்கலமானது

இத்தீர்ப்பு உரிமைக்குச் சிறந்த சான்று போர்வையில் ஓடும் கோடு. பசோத்தோ போர்வையில் ஏறத்தாழ ஒரு விரல் அகலமுள்ள கோடுகள் நெடுகச் செல்லும். முதன்முதலில் இது நெசவில் நேர்ந்த பழுது என்று சொல்லப்படுகிறது. பழுதைக் கண்டு வாங்குவோர் ஒதுக்கவில்லை, விரும்பினர். ஆகவே ஆலைகள் அப்பழுதையே வேண்டுமென்று நெய்யத் தொடங்கின. கோடு மேல்நோக்கி நிற்குமாறு அணிய வேண்டும் என்பது மரபு. நிமிர்ந்த கோடு வளர்ச்சியைக் குறிக்கும். குறுக்காகக் கிடந்தால் வளர்ச்சியும் செல்வமும் குன்றும் என்பது நம்பிக்கை. பிழையாகப் பிறந்த கோடு பயிரும் குலமும் நிமிர்ந்து வளர்வதன் குறியாயிற்று. ஆலையில் எவரும் எண்ணியிராத பொருள் இது.

சின்னங்கள்

போர்வைச் சின்னங்களுள் முதன்மையானது மக்காச்சோளக் கதிர். 'போனே' என்று பெயர். கதிர் நிறைந்த மணிகள் மக்கட்பேற்றுக்கும் செழிப்புக்கும் குறியீடு. மக்காச்சோளம் ஆப்பிரிக்க மண்ணின் பழம்பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வந்த பயிர் அன்றாட உணவாயிற்று. வந்த துணி அன்றாட உடையாயிற்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் போர்வையைக் காட்டிலும் பசோத்தோ வரலாற்றைச் சுருங்கச் சொல்வது வேறில்லை.

முதலை அரச மரபின் குலக்குறி. நாட்டின் அரசுச் சின்னத்திலும் அதுவே உள்ளது. கேடயம் காவலைக் குறிக்கும். சிறுத்தைப் புள்ளிகள், முன்னோர் அணிந்த தோலாடையைக் கம்பளியின்மேல் மீண்டும் நினைவூட்டும்.

வரலாற்று நிகழ்ச்சிகளும் நெய்யப்பட்டன. 'விக்டோரியா இங்கிலாந்து' என்னும் வகையின் பெயரை, 1897-இல் நிகழ்ந்த அரசியின் வைர விழாவோடு மரபு இணைக்கிறது. 'வீரர் பதக்கங்கள்' என்னும் வகை முதல் உலகப்போரில் ஈடுபட்ட பிரித்தானியப் படைப்பிரிவுகளின் நினைவாகும். இரண்டாம் உலகப்போரில் இம்மலைநாட்டு மக்கள் நன்கொடை திரட்டி ஸ்பிட்ஃபயர் வானூர்திகள் வாங்க உதவினர். அதனால் பிரித்தானிய வான்படையின் 72-ஆம் அணி 'பசூத்தோலாந்து' என்னும் பெயரையும் ஏற்றது. அவ்வானூர்தியும் போர்வையில் வடிவம் பெற்றது. 1963-இல் அரச வாரிசு பிறந்தபோது 'மொட்லாட்சி' என்னும் போர்வை வெளிவந்தது. அக்குழந்தையே இன்றைய மன்னர் மூன்றாம் லெட்சியே. எழுதப்பட்ட வரலாறு நூலகத்தில் இருக்கும். இவ்வரலாறோ சந்தைக்கும் வயலுக்கும் தோள்மேல் சென்றுவந்தது.

வாழ்வின் படிகள்

போர்வை மாறுவது வாழ்வின் படி மாறுவதாகும். பருவச் சடங்குக்கு ஆயத்தமாகும் இளைஞன் 'மொஹொலொபேலா' என்னும் போர்வையை அணிவான். மலையில் தனித்திருந்து சடங்கு முடித்துத் திரும்புபவன் 'லெக்கொக்கோலோ' அணிவான். ஊரார் அவனை இனி ஆண்மகன் என அறிய வேறு அறிவிப்பு வேண்டுவதில்லை. தலைப்பிள்ளையைப் பெற்ற மனைவிக்குக் கணவன் 'செரோபே' என்னும் போர்வையை அளிப்பான். ஆடவர் வலத்தோளில் ஊக்குக் குத்துவர். பெண்டிர் மார்புக்கு நேரே குத்துவர். எவர் எதை, எப்போது, எவ்வாறு அணிகிறார் என்பதிலேயே ஒருவரின் வயதும் நிலையும் தெரியும். சொல்லின் பொருள் அது நிற்கும் இடத்தால் தெளிவது போன்றதே இது.

உரிமை யாருடையது?

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. லெசோத்தோ ஆட்டு மயிரும், அங்கோரா ஆட்டின் மென்மயிரும் மிகுதியாக விளையும் நாடு. அம்மயிர் மூட்டை மூட்டையாக வெளிநாடு செல்கிறது. போர்வை வெளியிலிருந்து விலைக்கு வருகிறது. போர்வைக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் ஆழத்தில் ஈட்டியது. நெசவின் ஊதியமும், வடிவத்தின் சட்ட உரிமையும் அணிந்தவர் கைக்கு வந்து சேரவில்லை.

2017-இல் லூயி வுய்த்தோன் என்னும் பாரிசு நகர ஆடை நிறுவனம் பசோத்தோ வடிவங்கள் கொண்ட ஆடவர் சட்டைகளை மிக உயர்ந்த விலைக்கு விற்றபோது, லெசோத்தோவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கண்டனம் எழுந்தது. மறு ஆண்டு வெளிவந்த 'பிளாக் பாந்தர்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் கற்பனை நாட்டின் எல்லைக் காவலர் இப்போர்வைகளை அணிந்து தோன்றினர். அதனைப் பலர் பெருமையோடு வரவேற்றனர். ஒன்றில் சினமும் மற்றொன்றில் மகிழ்வும் எழுந்ததை முரண் எனக் கொள்ளலாகாது. படத்தில் போர்வை போர்வையாகவே தோளில் நின்றது. சட்டையில் சின்னம் மட்டும் எடுக்கப்பட்டு, அதற்குப் பொருள் தந்த மக்கள் விடப்பட்டனர்.

யார் வரைந்தது, யார் நெய்தது என்று மட்டும் கேட்டால் இப்போர்வை யார்க்‌ஷயருக்கும் ராண்ட்ஃபோன்டெயினுக்கும் உரியதாகிவிடும். வளர்ச்சியின் கோட்டை அங்கு எவரும் அறியார். தலைப்பிள்ளையின் தாய்க்கு எப்போர்வை என்பதும் அங்கு எவர்க்கும் தெரியாது. செசோத்தோவில் ஒரு பழமொழி உண்டு: மக்களாலேயே தலைவன் தலைவன் ஆகிறான் என்பது அதன் பொருள். போர்வைக்கும் அது பொருந்தும். டியூஸ்பரி ஆலையிலிருந்து வெளிவந்தபோது அது விலைப்பொருள். மலைநாட்டுப் பெண் ஒருத்தி கோட்டை நிமிர்த்தி மார்பில் ஊக்குக் குத்திய பொழுதில்தான் அது 'கோபோ' ஆயிற்று.