ஒரே கணினியில் இரண்டு ரூட்டர்: இணைப்பது எப்படி? கவனிக்க வேண்டியது என்ன?

நம்மூர் வீடுகளில் இரண்டு இணைய இணைப்புகள் இருப்பது இப்போது புதிதல்ல. கீழே வாப்பா, உம்மா இருக்கும் வீட்டுக்கு ஒரு ஃபைபர் லைன். மாடியில் காக்கா குடும்பத்துக்குத் தனியாக இன்னொன்று. இதில் ஒரு லைன் நின்றுபோனால், மகரிபுக்குப் பிறகு நடக்கும் பிள்ளைகளின் ஆன்லைன் குர்ஆன் வகுப்பும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் மீட்டிங்கும் பாதியில் நிற்கின்றன. "இரண்டு ரூட்டரையும் ஒரே கம்ப்யூட்டரில் இணைக்க முடியுமா?" என்று பலர் கேட்பது அதனால்தான். முடியும். ஆனால், அப்படி இணைக்கும்போது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நாம் போட்டு வைத்த தடுப்பு, நமக்கே தெரியாமல் பயனற்றுப் போகலாம். பெற்றோர் அதிகம் கவனிக்காத விஷயம் இது என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறோம். இங்கே சொல்பவை விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானவை.

எளிய வழி, ஒரு ரூட்டரை லேன் கேபிள் மூலமும் மற்றதை வைஃபை மூலமும் இணைப்பது. லேப்டாப்பில் இரண்டு வசதியும் இருக்கும். கேபிள் துளை இல்லாத புது லேப்டாப்புக்கு யூஎஸ்பி-லேன் அடாப்டரும், வைஃபை இல்லாத டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டரும் கடைகளில் கிடைக்கின்றன. கேபிள் செருகியிருக்கும்போது வைஃபை தானாக இணையாவிட்டால், நாமே அதைத் தேர்ந்தெடுத்து 'கனெக்ட்' கொடுக்க வேண்டும். அலுவலகம் தந்த சில லேப்டாப்களில் கேபிள் செருகினால் வைஃபை அணைந்துவிடும்படி வைத்திருப்பார்கள். அதை அலுவலகத்தில் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இணைப்பதற்கு முன் இரண்டு ரூட்டர்களின் முகவரியையும் பாருங்கள். பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஜியோஃபைபர் ரூட்டர்களில் வழக்கமாக 192.168.29.1 என்றும், வேறு பலவற்றில் 192.168.1.1 என்றும் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் குழப்பம்தான். ஒரே தெருப் பெயரும் ஒரே கதவு எண்ணும் கொண்ட இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே ஒரு ரூட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, அதன் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றி, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஒரு ரூட்டரின் லேன் துளையிலிருந்து மற்ற ரூட்டரின் லேன் துளைக்குக் கேபிள் போடாதீர்கள்; இரண்டும் போட்டி போட்டு முகவரி வழங்கி, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தடுமாறும். விண்டோஸில் தென்படும் 'பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்' என்பதையும் தொடாதீர்கள். அதுவும் இரண்டு நெட்வொர்க்குகளை ஒன்றாகக் கலக்கும் வேலைதான்.

இரண்டையும் இணைத்தால் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். 100 எம்பிபிஎஸ்ஸும் 50 எம்பிபிஎஸ்ஸும் சேர்ந்து 150 ஆகாது. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் 'மெட்ரிக்' என்று ஓர் எண் கொடுக்கிறது. எண் குறைவான இணைப்பு வழியாகவே இணையத்துக்குப் போகும். மற்றது சும்மா காத்திருக்கும். எது முதலில் என்பதை நாமே முடிவு செய்யலாம். கண்ட்ரோல் பேனலில் 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்' போய் 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்' திறந்து, தேவையான இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4', பிறகு 'அட்வான்ஸ்டு' என்று செல்லுங்கள். 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' என்பதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டு, முதன்மை இணைப்புக்கு 10, மற்றதற்கு 50 என்று கொடுங்கள். வெர்ஷன் 6-லும் அதே எண்களைக் கொடுப்பது நல்லது.

கேபிள் கழன்றாலோ ரூட்டர் அணைந்தாலோ கணினி உடனே அடுத்த இணைப்புக்கு மாறிவிடும். ஆனால் ரூட்டர் எரிந்துகொண்டிருந்து, வெளியே லைன் மட்டும் அறுந்திருந்தால், கணினி செத்த வழியிலேயே முட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது கேபிளைக் கையால் பிடுங்கிவிடுவதே சுருக்கமான வைத்தியம். மாறும் நேரத்தில் வீடியோ அழைப்பு சில விநாடிகள் துண்டிக்கப்படும். வங்கிப் பக்கங்கள் மறுபடி லாகின் கேட்கலாம். பணம் அனுப்பும் நடுவில் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டாம்.

இனி முதலில் சொன்ன தடுப்பு விஷயம். ஆபாசத் தளங்களைத் தடுக்க, பல பெற்றோர் தங்கள் ரூட்டரில் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 அல்லது ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டின் 208.67.222.123 போன்ற டிஎன்எஸ் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது அந்த ஒரு ரூட்டருக்கு மட்டும்தான் காவல். மாடி வீட்டு ரூட்டரில் அது இல்லையென்றால், பிள்ளை வைஃபையை மாற்றிய அடுத்த நொடி தடுப்பு இல்லை. அது மட்டுமல்ல. இரண்டும் இணைந்திருக்கும்போது விண்டோஸ் இணைய முகவரிகளை இரண்டு வழிகளிலும் விசாரித்து, முந்தி வரும் பதிலை எடுத்துக்கொள்ளக்கூடியது. ஆக, முதன்மை இணைப்பில் தடுப்பு இருந்தும், காத்திருக்கும் இணைப்பின் வழியே அது கசிந்துவிடலாம். பிள்ளை தவறேதும் செய்யாமலே இது நடக்கும்.

ஆகவே காக்காவிடம் பேசி, இரண்டு ரூட்டரிலும் ஒரே டிஎன்எஸ் எண்ணைப் போடுங்கள். நிறுவனம் தந்த சில ரூட்டர்களில் அதை மாற்ற விடமாட்டார்கள். அப்போது கணினியிலேயே கேபிள், வைஃபை இரண்டின் ப்ராப்பர்ட்டீஸிலும் 1.1.1.3, 1.0.0.3 என்றும், வெர்ஷன் 6-க்கு 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்றும் கொடுங்கள். குரோம் செட்டிங்ஸில் 'செக்யூர் டிஎன்எஸ்' என்பது வேறு நிறுவனத்துக்கு வைக்கப்பட்டிருந்தால் அதையும் அணைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத தனிக் கணக்கு கொடுத்தால் இந்த எண்களை அவர்களால் மாற்ற முடியாது. இத்தனைக்குப் பிறகும் விபிஎன் செயலி ஒன்று போதும், எல்லாவற்றையும் தாண்டிவிட. கணினியை ஹாலில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பதற்கு இன்னும் மாற்று வரவில்லை.

பக்கத்து வீட்டு வைஃபையை இரண்டாவது இணைப்பாக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், அவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு அவர்கள் பிள்ளை மூலம் கிடைத்தது என்பது அனுமதியாகாது. சம்மதம் கிடைத்தால் அந்த நெட்வொர்க்கை விண்டோஸில் 'பப்ளிக்' என்று வையுங்கள். நம் கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் கோப்புகள் அங்கிருந்து தெரியாமலிருக்க அது உதவும்.

இரண்டு லைனும் ஒரே கம்பத்திலிருந்து வந்தால், கம்பம் சாயும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். கரண்ட் போனாலும் அப்படித்தான். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் ரூட்டர் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் எண்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.