பெரிய சிம்பாப்வே

பெரிய சிம்பாப்வே என்பது தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய சிம்பாப்வே நாட்டின் மஸ்விங்கோ நகருக்கு அருகே அமைந்துள்ள பழைய கல் நகரம் ஆகும். கி.பி. 11ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் ஷோனா மக்களின் முன்னோர் இதைக் கட்டினர். 722 எக்டேர் பரப்பில் விரிந்துள்ள இந்நகரை யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆப்பிரிக்கப் பயணம் என்றதும் காட்டு விலங்குகளையே நினைப்போர், வரும் ஆண்டுப் பயணத்தில் சேர்க்க வேண்டிய இடம் இது.

கட்டட அமைப்பு

'சிம்பாப்வே' என்ற பெயர் 'கல் வீடுகள்' எனப் பொருள்படும் ஷோனா சொற்றொடரிலிருந்து வந்ததாகக் கூறுவர். இங்கே குன்றின் மேல் ஒரு பகுதியும், கீழே பெருஞ்சுற்று மதில் ஒன்றும், பள்ளத்தாக்கில் சிறு மதில்களும் உள்ளன. பெருமதிலின் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர்; உயரம் சில இடங்களில் 11 மீட்டர். கற்களுக்கு இடையே சாந்து கிடையாது. அப்பகுதிக் கருங்கற்பாறைகள் வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து பலகை பலகையாக உரியக்கூடியவை. அவற்றைச் செதுக்கி, வரிசை வரிசையாக அடுக்கியே மதிலை எழுப்பினர். உள்ளே மக்கள் வாழ்ந்த வீடுகள் மண்ணால் ஆனவை.

வணிகம்

கால்நடை வளர்ப்பும் வேளாண்மையும் நகரின் அடிப்படை. பொன்னும் தந்தமும் இங்கிருந்து கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குச் சென்றன. சீனப் பீங்கான், பாரசீக மட்கலம், கண்ணாடி மணிகள், கில்வா நகரின் நாணயம் ஆகியவை இங்கே கிடைத்துள்ளன. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் இந்நகருக்குப் பங்கு இருந்தது என்பதற்கு இவையே சான்று.

மறுக்கப்பட்ட உரிமை

1871இல் இங்கு வந்த ஜெர்மானியரான கார்ல் மௌக், வாயிற்படியின் மேல் இருந்த மரத்துண்டைத் தம் பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டு, அது லெபனான் தேவதாரு என்று முடிவு செய்தார். எனவே இது ஷீபா அரசியின் கட்டடம் என்றார். உண்மையில் அது உள்ளூர் மரம். ஆயினும் குடியேறிய வெள்ளையருக்கு அக்கதை பிடித்திருந்தது. ஆப்பிரிக்கர் நகரம் கட்டவில்லை என்றால், அவர்கள் நிலத்தைப் பிடித்தது தவறாகத் தோன்றாதல்லவா?

1902இல் காப்பாளராக அமர்த்தப்பட்ட ரிச்சர்ட் ஹால், பிற்கால ஆப்பிரிக்கக் குப்பை என்று கருதி மண்ணடுக்குகளை அள்ளி அகற்றினார். மண்ணடுக்குகள் வரலாற்றின் ஏடுகள். கிழித்த ஏட்டைத் திரும்ப ஒட்ட இயலாது. 1905இல் டேவிட் ராண்டல் மெக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் முறையாக அகழ்ந்து, இது ஆப்பிரிக்கரின் படைப்பே என்று நிறுவினர். இருந்தும் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு பழைய கதையைக் கைவிடவில்லை. உண்மையை எழுதிய தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

விடுதலைக்குப் பின்

1980இல் விடுதலை பெற்ற நாடு இந்நகரின் பெயரையே சூடிக்கொண்டது. இங்கே கிடைத்த மாக்கல் பறவைச் சிற்பத்தின் உருவம் தேசியக் கொடியில் இடம்பெற்றது. வெளிநாடுகளுக்குப் போயிருந்த சிற்பங்களில் சில, 1981இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பின. பறவை ஒன்றின் பீடப்பகுதி 2003இல் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தது.

பயணிகளுக்கு

தலைநகர் ஹராரேயிலிருந்து தெற்கே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவு. மே முதல் ஆகஸ்டு வரை மழையின்றிக் குளிர்ச்சியாக இருக்கும். வெயில் ஏறுமுன் குன்றில் ஏறிவிட்டால், மேலிருந்து பெருமதில் முழுவதையும் காணலாம். பிறகு இறங்கி அதனுள் நடந்து, கூம்புக் கோபுரத்தைப் பார்க்கலாம். பறவைச் சிற்பங்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. மதில் மேல் ஏறுதலும் கல்லை எடுத்தலும் கூடாது. சாந்தில்லாத அடுக்கு, ஒரு கல் நகர்ந்தால் பல கற்கள் சரியும்.