லேமினைடிஸ் (குளம்புத் தகட்டழற்சி)

குதிரையின் குளம்புச் சுவரை உள்ளிருக்கும் குளம்பெலும்போடு பிணைக்கும் மென்தகடுகள் பழுதாவதால் வரும் கடும் வலிநோய். ஒரு குளம்பில் இத்தகைய தகடுகள் ஏறக்குறைய 600 உண்டு. குதிரையின் எடை தொங்குவது அவற்றில்தான். பிடி தளர்ந்தால் எலும்பு சுழன்றோ கீழிறங்கியோ விடும். முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்து வெளியே வரும்.

பெயரில் அழற்சி இருந்தாலும் இன்று பெரும்பாலான குதிரைகளுக்கு இது வருவது இன்சுலின் கோளாற்றால். கொழுத்த மட்டக்குதிரையைச் செழும்புல்லில் மேயவிடுவது ஆபத்து. தானியக் கிடங்கில் புகுந்து வயிறுமுட்டத் தின்பது, ஈன்றபின் நஞ்சுக்கொடி தங்குவது, ஒரு கால் முறிந்து மறுகால் எடை முழுவதையும் சுமப்பது ஆகியவையும் காரணங்கள்.

நோயுற்ற குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களில் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டில் திருப்பினால் தயங்கும். குளம்பு சுடும். கணுவுக்குக் கீழே விரல் வைத்தால் நாடி துள்ளுவது தெரியும்.

1973இல் அமெரிக்காவின் மும்முடி (டிரிபிள் கிரவுன்) பந்தயங்களை வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரை, இந்நோயால் 1989 அக்டோபர் 4 அன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. 2006 கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோவுக்கு முறிந்தது வலப் பின்னங்கால். லேமினைடிஸ் முதலில் தாக்கியதோ இடப் பின்னங்காலை. அதுவும் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்டது.

தொடக்கத்திலேயே குளம்பைப் பனிக்கட்டி நீரில் வைப்பது, வலிமருந்து, மெத்தென்ற படுக்கை, குளம்பைச் சீவித் தாங்கும் லாடம் அடிப்பது ஆகியவை சிகிச்சை. நொண்டும் குதிரையை நடத்திப் பார்க்காதீர்கள். மருத்துவரை அன்றே அழையுங்கள்.