நிலவிறக்கமும் ஒரு கையெழுத்துப் பட்டியலும்

மனிதன் நிலவில் இறங்கிய வரலாறு பெரும்பாலும் விண்வெளி வீரரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் நிகழ்ந்தவற்றை நோக்குவோர்க்கு அது போதாதென்பது விளங்கும்.

1969 யூலை 20 ஆம் நாள் ஈகிள் கலம் இறங்கிக்கொண்டிருக்கையில், அதன் வழிகாட்டற் கணனி 1202 என்னும் எச்சரிக்கையை எழுப்பிற்று. அதன் பொருள் யாதென ஆம்ஸ்ட்ரோங் ஹியூஸ்டனை வினாவினார். இறங்குவதா, திரும்புவதா என்பதைச் சில விநாடிகளுள் தீர்மானிக்கவேண்டியிருந்தது. வழிகாட்டற் பொறுப்பாளர் ஸ்டீவ் பேல்சுக்கு அப்போது வயது 26. பின்னறையிலிருந்து அவருக்குத் துணைநின்ற ஜாக் கார்மனுக்கு 24. கணனி மிகைச்சுமையுற்றும் இன்றியமையாப் பணிகளை விடாது செய்துகொண்டிருந்தது. எச்சரிக்கை இடையறாது தொடராதவரை அஞ்சவேண்டியதில்லை எனக் கார்மன் கூற, இறக்கம் தொடரலாமெனப் பேல்ஸ் அறிவித்தார். பறப்பு இயக்குநர் ஜீன் கிரான்ஸ் அவ்விளைஞரின் சொல்லை ஏற்றார். வீரருடன் உரையாடும் பொறுப்பினரான சார்ள்ஸ் டியூக் அதனைக் கலத்துக்குத் தெரிவித்தார். இவ்வகை எச்சரிக்கை அன்று ஐந்து முறை எழுந்தது.

இத்துணை விரைவில் விடை கிடைத்தமைக்குக் காரணம் வேறிடத்தில் உள்ளது. அம்மாதத் தொடக்கத்தில் நடந்த ஒத்திகையொன்றில் இத்தகைய எச்சரிக்கை தோன்றியபோது, பேல்ஸ் இறக்கத்தைக் கைவிடச் செய்தார். அது பிழையான முடிவென ஒத்திகை நடத்தியோர் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துரைத்தனர். நிலவிறக்கத்துக்குச் சில நாட்களே இருக்கையில் அவ்வாறு உரைப்பது எளிதன்று. அவர்கள் முகம்பார்த்து வாளாவிருந்திருப்பின் யூலை 20 இலும் கலம் திரும்பியிருக்கக்கூடும். கிரான்ஸ் எச்சரிக்கைகள் அனைத்தையும் ஆராயப் பணித்தார். கார்மன் அவற்றைக் கையால் எழுதிப் பட்டியலாக்கினார். அப்பட்டியலே அன்று அவர்முன் இருந்தது.

அவ்வாண்டு ஓகஸ்ட்டில் கட்டுப்பாட்டுக் குழுவினர் அனைவர் சார்பிலும் ஜனாதிபதி நிக்சனிடம் விருது பெற்றவர் பேல்ஸ்.