படியும் பலமும் கிலோவும்

பிறந்த ஊரை விட்டு வரும்போது நம்மவர் கொண்டுவந்த பாத்திரங்களுள் பித்தளை ஆழாக்கு ஒன்று தவறாமல் இடம்பெற்றிருக்கும். ஆயின் வடபுலத்துக் கடைக்காரர் அரிசியை அளப்பதில்லை, நிறுத்தே கொடுக்கிறார். இவ்விரு வழக்கங்களுக்கும் இடையே நம் இல்லத்தரசியர் பட்ட இடர்ப்பாட்டின் வரலாறு சிறிது ஆராயத்தக்கது.

அளத்தலையும் நிறுத்தலையும் தமிழர் மிகத் தொன்மையிலேயே பிரித்தறிந்தவர். அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துகள் 9 எனத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வரையறுக்கிறார். நாழியும் உரியும் சேர்ந்தால் 'நாடுரி' ஆகும் என்பதற்குத் தனி விதியும் வகுக்கிறார். ஒன்றரை நாழி என்பது அன்றாடப் பேச்சில் எவ்வளவு அடிபட்டிருந்தால், இலக்கண ஆசிரியர் அதற்கென ஒரு நூற்பாவைச் செலவிட்டிருப்பார்!

முதலாம் இராசராசன் (985-1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நெல் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்படுகிறது. பொன்னோ அதே பெயர் பூண்ட கல்லால் நிறுக்கப்படுகிறது. சோழர் காலத்துத் திருவமுதுப் பட்டியல்களில் நெய்யும் தயிரும் மிளகும் நாழி, உரி, ஆழாக்கு, செவிடு என வரும். சர்க்கரையும் புளியும் பலக் கணக்கில் வரும். வழிந்தோடுவதையும் உருண்டோடுவதையும் அளந்தனர், ஒட்டிக்கொள்வதை நிறுத்தனர். சமையலறை அறிந்தவர் செய்த ஏற்பாடு என்றே இதனைக் கருதுகிறேன்.

2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். வாய்பாடு எங்கும் ஒன்றே, படிதான் ஒன்றன்று. சின்னப்படி என்றும் பெரிய படி என்றும் வழங்கி, சில ஊர்களில் ஒன்று மற்றதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு கொண்டது. தலைதட்டி அளப்பதும், குவித்து அளப்பதும் வேறு. களத்தில் 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று தொடங்கி அளந்த கையின் தாராளமும் வேறு.

1956-ஆம் ஆண்டு நிறை, அளவைகளுக்கான சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபரில் கிலோ நடைமுறைக்கு வரத் தொடங்கி, 1962 ஏப்ரலில் பழைய நிறைகள் விலக்கப்பட்டன. வடநாட்டுச் சேர் 933 கிராம் ஆயிற்று. நம் 40 பலம் கொண்ட வீசை ஏறக்குறைய 1,400 கிராம் ஆயிற்று. ஒரு பலம் 35 கிராம். நிறையை நிறையாக மாற்றுவது வெறும் பெருக்கலே. படியைக் கிலோவாக்குவதுதான் சங்கடம். ஒரே ஆழாக்கில் அரிசிக்கு ஓர் எடை, சலித்த மாவுக்கு அதனினும் குறைந்த எடை. உப்பிலோ விபரீதமே நேரும். கல்லுப்பில் இடைவெளி மிகுதி. அதே கரண்டியில் தூளுப்பை முகந்து போட்டால் குழம்பை வாயில் வைக்க முடியாது.

எங்கள் இல்லத்துக் குறிப்பேட்டில் என் பாட்டியார் அதிரசத்துக்கு, 'படி அரிசிக்கு முக்கால் வீசை வெல்லம்' என்று எழுதிவைத்திருந்தார். என் அன்னையார் தென்கோடியிலிருந்து வந்தவர். அவர் அறிந்தது சின்னப்படி. மணமான முதல் தீபாவளிக்கு அந்தப் படியால் அளந்து மாவிடித்துப் பாகு சேர்த்தார். அதிரசம் எண்ணெயில் இட்டதும் பிரிந்து கரைந்து, சட்டியின் அடியில் கருகிற்று. பாட்டியார் குறை ஒன்றும் கூறவில்லையாம். ஆனால் அன்னையார் அதன்பின் பல ஆண்டுகள் அதிரசத்தைத் தொடவில்லை.

பாட்டியார் காலமான பின் ஊரிலிருந்து வந்த சாமான்களுக்கிடையே அவருடைய படியும் இருந்தது. அன்னையார் அதில் அரிசியைத் தலைதட்டி அளந்து, தெருமுனைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்: 1,300 கிராம். முக்கால் வீசை வெல்லம் 1,050 கிராம். கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 800 கிராம் வெல்லம் என்று மாமியாரின் எழுத்துக்குக் கீழே பென்சிலால் குறித்தார். அவ்வாண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதிரசம் சுட்டார்கள்.