மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: நடையும் சிந்தனையும்

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்கிச் சிதைக்கும் நோய். 1868-இல் பாரிஸில் ழான் மார்த்தேன் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். நோயாளிகளின் நினைவு மங்குவதையும் அவரே குறித்திருந்தார். பின்வந்த மருத்துவர்களோ நெடுங்காலம் கால்களில் காட்டிய அக்கறையை அதில் காட்டவில்லை.

நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிந்தனைத் திறன் குறைகிறது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது வேகம்தான். குறிகளுக்கு உரிய எண்களை 90 நொடிகளில் எத்தனை சரியாகச் சொல்கிறார் என்று பார்த்து இதை அளப்பார்கள். நடைக்கு 25 அடித் தூரத்தை விரைவாகக் கடக்கும் சோதனை உண்டு. நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் நடையின் வேகம் குறையும். கணக்கும் சில சமயம் பிசகும். இரண்டுக்கும் மூளை ஒரே கையிருப்பிலிருந்து செலவழிப்பதே காரணம் என்பது ஒரு விளக்கம்.

உடலை வருத்தினால் இந்நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் பதிவு செய்தார்; உடல் சூடேறுவதே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. ஓய்வே நல்லது என்ற பழைய அறிவுரைக்கு இதனால் எழுந்த அச்சமும் ஒரு காரணம். ஆனால் உடல் குளிர்ந்ததும் மங்கல் நீங்கிவிடும். மிதமான பயிற்சி நடையையும் தாங்குதிறனையும் மேம்படுத்துகிறது, சோர்வையும் தணிக்கிறது.

சிந்தனைக்கும் உடற்பயிற்சி உதவுமா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆறு நாடுகளில் 311 பேரிடம் 12 வாரம் நடந்து, 2023-இல் வெளியான காக்எக்ஸ் ஆய்வில், மூளைப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் மற்றக் குழுக்களை விஞ்சவில்லை.